நோன்புக்கு முன் கொண்டாட்டம்: பிள்ளையை அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் சைவக் குடும்பம். வீட்டுக்குப் பக்கம் என்று மகளைக் கத்தோலிக்கப் பாடசாலையில் முதலாம் வகுப்பில் சேர்த்தோம். வருகிற வியாழன் கார்னவால் (தவக்காலத்துக்கு முன் வரும் கொண்டாட்டம்), வேஷம் போட்டு அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அடுத்த புதன் நெற்றியில் சாம்பல் பூசுவார்களாம். "விரதத்துக்கு முதல் குடியும் கூத்துமா? பிள்ளை வீட்டில் நிற்கட்டும்" என்கிறார் கணவர். என்ன செய்ய?
- ஒரு தாய், கொலோன், ஜேர்மனி

பதில்: சகோதரி, மகளைக் கட்டாயம் அனுப்புங்கள். வகுப்பே வேஷம் கட்டி ஆடும்போது தான் மட்டும் வீட்டில் இருந்ததை ஆறு வயதுப் பிள்ளை லேசில் மறக்காது.

கணவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. சாம்பல் பூசும் அந்தத் திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, ஞாயிறுகளை விட்டால் 40 நாள் தவக்காலம். முன்பெல்லாம் இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெயும் விலக்கு. வீட்டில் இருப்பது பழுதாகாமல் முதலே பொரித்துச் சாப்பிட்டுத் தீர்த்தார்கள். ஜாம் வைத்துப் பொரித்த பன்னை இன்றும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அந்த வழக்கத்தில்தான்.

அவர் பயப்படுகிற குடி தெருவில் இருக்கிறது. காலை 11:11க்குத் தொடங்கினால் சுல்பிஷர் தெருப் பக்கம் இளசுகள் பகலிலேயே தள்ளாடும். மகளைக் கூட்டிவரும்போது அந்தப் பக்கம் போகாதீர்கள். பாடசாலைக்குள் பாட்டும் ஊர்வலமும் 'ஆலாஃப்' என்ற கார்னவால் வாழ்த்துக் கூச்சலும்தான். ஆண் ஆசிரியர்களின் டையை விளையாட்டுக்குக் கத்தரிக்கோலால் வெட்டுவதும் நடக்கும்! அதற்கென்றே பழைய டை கட்டி வருவார்கள். மகள் மிரளாமல் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வேஷ உடுப்பை ஒரு அளவு பெரிதாக வாங்கினால் குளிர் ஜாக்கெட்டுக்கு மேலே போடலாம். நீங்கள் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் என்றால், கிடைக்கிற இனிப்புகளில் ஜெலி வகையைப் பார்த்துக் கொடுங்கள், பலவற்றில் பன்றி ஜெலட்டின் இருக்கும்.

சாம்பல் வேறு விஷயம், அது வழிபாடு. போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பலால் நெற்றியில் சிலுவை இடுவார்கள். வழிபாட்டில் பங்குபற்ற யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஜேர்மன் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 14 வயது வரை பிள்ளையின் சமய விஷயத்தில் முடிவு பெற்றோர் கையில். விருப்பமில்லை என்றால் வகுப்பு ரீச்சருக்கு இப்போதே இரண்டு வரி எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். என் பிள்ளை என்றால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் இது நீங்கள் இருவரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு. அந்தப் புதன்கிழமை தேவாலய வரிசையில் நின்றுகொண்டு மகள் தடுமாறும்படி மட்டும் விட்டுவிடாதீர்கள்.