வாசகர் கேள்வி: தாயாருடன் பாரிசில் மூன்று நாட்கள்

கேள்வி: வரும் அக்டோபரில் எழுபது வயதான என் தாயாருடன் பாரிஸ் செல்கிறேன். திங்கள், செவ்வாய், புதன் என மூன்று நாட்களே கையில் உள்ளன. தாயார் சமதளத்தில் நன்றாக நடப்பார், படியேறுவதுதான் சிரமம். லூவ்ர், ஓர்சே அருங்காட்சியகங்கள், ஈபிள் கோபுரம், நோத்ர தாம் தேவாலயம் ஆகியவற்றை எந்த வரிசையில் பார்ப்பது? பல இடங்களுக்குச் சேர்த்து விற்கும் அருங்காட்சியக அட்டையை வாங்கலாமா?

பதில்: தங்களுக்குக் கிடைத்துள்ள கிழமைகளே திட்டத்தில் பாதியை முடிவு செய்துவிடுகின்றன. ஓர்சேக்குத் திங்கள்கிழமை விடுமுறை. லூவ்ருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை அறியாமல் சென்று, பூட்டிய வாயிலின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்புவோர் உண்டு. ஆகவே செவ்வாயை ஓர்சேக்கும் புதனை லூவ்ருக்கும் ஒதுக்குங்கள்.

புதன்கிழமை லூவ்ர் இரவு 9 மணி வரை திறந்திருப்பதால், தாயார் பகலில் ஓய்வெடுத்த பிறகு மாலையில் உள்ளே செல்லும்படி நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்யலாம். அங்கே சக்கர நாற்காலியை இலவசமாகவே தருகிறார்கள். நடக்கக்கூடியவர்தானே என்று தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்த அரண்மனையின் நீளம் இளைஞர்களையே களைக்க வைக்கும். மோனா லிசா 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் மட்டுமே கொண்ட சிறிய ஓவியம். கூட்டத்தினூடே அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பினால், எதிர்ச்சுவரில் ஏறக்குறைய 10 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும் ஓவியர் வெரோனேசேயின் ‘கானா ஊர்த் திருமண விருந்து’ என்ற ஓவியத்தைக் காணலாம். என்னைக் கேட்டால், அந்த அறைக்குப் போவதே அதற்காகத்தான்.

ஓர்சே, 1900-இல் ரயில் நிலையமாகத் திறக்கப்பட்டு 1986-இல் அருங்காட்சியகமான கட்டடம். மோனே, ரெனுவார் போன்றோரின் ஓவியங்கள் ஐந்தாம் தளத்தில் இருப்பதால், முதலில் மின்தூக்கியில் மேலே சென்று, கால்களில் தெம்பு இருக்கும்போதே அவற்றைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வாருங்கள்.

எஞ்சிய திங்கள்கிழமையில் காலை நோத்ர தாம், மாலை ஈபிள். 2019 தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட அத்தேவாலயத்துக்குள் செல்லக் கட்டணமில்லை, முன்பதிவும் இலவசம். எனவே நுழைவுச்சீட்டு என்று யாரேனும் விற்க வந்தால் விலகிவிடுங்கள். ஈபிளில் இரண்டாம் தளம் வரை 674 படிகள் என்பதால், மின்தூக்கிக்கான சீட்டா என்று பார்த்து முன்கூட்டியே வாங்குங்கள். இருட்டிய பின், ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் கோபுரம் ஐந்து நிமிடம் மின்னும். அதைக் கீழிருந்து பார்ப்பதே அழகு.

போக்குவரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மெட்ரோ விரைவானது என்றாலும், பழைய நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கி கிடையாது. எல்லா நிலையங்களிலும் அவ்வசதியுள்ள 14-ஆம் தடம் ஒரு விதிவிலக்கு. தாயாருக்குத் தாழ்தளப் பேருந்துகளே ஏற்றவை. பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் இப்போது தனித்தனிச் சீட்டு என்பதையும், பயணச்சீட்டுகளை ஏற்றிவைத்துப் பயன்படுத்தும் நவிகோ ஈசி அட்டை ஒன்றைக் கொண்டு ஒரே நேரத்தில் இருவர் பயணிக்க இயலாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அருங்காட்சியக அட்டை தங்களுக்குத் தேவையில்லை. தாங்கள் கேட்ட நான்கு இடங்களில் நோத்ர தாம் இலவசம். ஈபிள் அந்த அட்டையில் அடங்காது. லூவ்ருக்கு அட்டை இருந்தாலும் நேரத்தைத் தனியே பதிவு செய்தாக வேண்டும்.