செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை: பழைய வண்டிக்காரர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நோய். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. பெட்ரோல் இன்ஜினுக்கு வேண்டியது மூன்று: பிளக்கில் கரண்ட், சிலிண்டருக்குள் பெட்ரோல், அது வெடிக்க நல்ல கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் நெருக்கும் அழுத்தம். மூன்றும் அதனதன் நேரத்தில் வந்தாக வேண்டும். எது வரவில்லை என்று தெரிவதற்கு முன்னால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகாதீர்கள். தேவையில்லாமல் மாற்றப்பட்ட நல்ல சாமான்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு வலிக்கிறது.

கேள்வி: எங்களுடையது 1988 மாடல் அம்பாசடர், பெட்ரோல். காலையில் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் ஸ்டார்ட் ஆகாது. பத்து மணிக்கு வெயில் வந்தபின் ஒரே அடியில் பிடித்துக்கொள்ளும். பிளக், காயில், பேட்டரி மூன்றும் மாற்றியாகிவிட்டது. (வாசகர், குன்னூர்)

வெயில் வந்தால் சரியாகிறது என்று விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஈரம்தான் காரணம். காயில் கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உங்கள் ஊர்ப் பனி போய் உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டு கிளிப்பையும் தள்ளி மூடியைக் கழற்றுங்கள். உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு உலோக முனையிலிருந்து அடுத்த முனைக்கு, கூரான பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு ஓடுகிறதா? நகத்தால் சுரண்டினாலும் போகாது. அது கரி படிந்த வெடிப்பு. காயிலிலிருந்து வரும் பல்லாயிரம் வோல்ட், பிளக் வரைக்கும் போகாமல் இந்தக் கோட்டு வழியாகவே நழுவிவிடும். மூடி காய்ந்திருக்கும்போது எப்படியோ சமாளிக்கும், பனி இறங்கினால் கைவிட்டுவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் அன்றைக்கு ஸ்டார்ட் ஆகும், ஆனால் தீர்வு புது மூடிதான். கூடவே மூடிக்குள் சுழலும் ரோட்டரையும் மாற்றிவிடுங்கள். பிளக் ஒயர்களுக்கு ஒரு சோதனை உண்டு. இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பழுதான ஒயர் மேல் நீல நிறத்தில் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும்.

மூடி கழன்றிருக்கும்போதே, காயிலுக்குப் போகும் கரண்டை விட்டு விட்டு வெட்டும் பாயிண்டையும் பார்த்துவிடுங்கள். இடைவெளி சுமார் 0.4 மி.மீ. இருக்க வேண்டும், பழைய மெக்கானிக்குகள் 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) என்பார்கள். ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகடு வைத்து அளப்பதுதான் முறை, கண் மதிப்பு வேண்டாம்.

தொழிலுக்கு வந்த புதிதில் இதே புகாரோடு வந்த ஒரு வண்டியில், நான்கு நாள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். கோளாறு ரோட்டரில் இருந்த முடி அளவு வெடிப்பு. அந்த வண்டிக்காரர் நான்கு நாளும் தன் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனார். அதை நான் மறக்கவில்லை. இன்றைக்கும் முதலில் கரண்ட், அப்புறம்தான் பெட்ரோல் என்று பார்க்கிறேன்.

கேள்வி: பிரீமியர் பத்மினி வைத்திருக்கிறேன். காலையில் ஒரு குறையும் இல்லை. வெயிலில் முப்பது கிலோமீட்டர் ஓட்டி, டீ குடிக்க நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆவதில்லை. அரைமணி கழித்து ஆகிறது. (வாசகர், சேலம்)

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, ஏ.சி. பம்ப் என்று நாங்கள் சொல்லும் பெட்ரோல் பம்ப்பும் அதன் குழாயும் இன்ஜின் சூட்டில் கொதித்து, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடுவது. பம்ப்பால் ஆவியை இழுத்துத் தள்ள முடியாது. இரண்டு, காயில் சூடானதும் கரண்ட் கொடுக்காமல் படுத்துவிடுவது. ஆறினதும் இரண்டுமே சரியாகிவிடும் என்பதால்தான் ஆளைக் குழப்புகிறது.

பிரித்துப் பார்ப்பது சுலபம். அடுத்த முறை நிற்கும்போது பம்ப்பின் மேல் நனைத்த துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். ஸ்டார்ட் ஆனால் ஆவிதான் காரணம். ஆகவில்லையா, ஈரத்துணியைக் காயிலுக்கு மாற்றுங்கள். அப்போது பிடித்தால் காயிலை மாற்றலாம். இரண்டிலும் துணியை நன்றாகப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் சொட்டக் கூடாது. குழாய் சைலென்சர் மேனிஃபோல்டை ஒட்டிப் போகிறதா என்றும் பாருங்கள். இரண்டு விரல் தள்ளிக் கட்டினாலே பல வண்டிகளில் தொல்லை தீர்ந்திருக்கிறது.

இன்னொன்று. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். உங்கள் வண்டி செய்த காலத்து ரப்பர் குழாயும் பம்ப் டயாஃப்ரமும் அதற்காகச் செய்தவை இல்லை. ஊறி, மெத்தென்று ஆகி, காற்றை இழுக்க ஆரம்பிக்கும். குழாயைக் கிள்ளிப் பாருங்கள். பிசுபிசுத்தால் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள்.

கேள்வி: 2004 மாருதி 800, எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வகை). இரண்டு மாதம் வீட்டு ஷெட்டில் நின்றது. இப்போது செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. இ.சி.எம். போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மையாக இருக்குமா? (வாசகி, தஞ்சாவூர்)

இருக்கலாம், ஆனால் இ.சி.எம். என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் கடைசியில் சந்தேகப்பட வேண்டிய சாமான். அதற்கு முன்னால் காசு செலவில்லாமல் நீங்களே இரண்டு விஷயம் பார்க்கலாம்மா.

சத்தமில்லாத நேரத்தில் உட்கார்ந்து சாவியை ஆன் மட்டும் பண்ணுங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். அதே சமயம் பின் சீட் பக்கமிருந்து இரண்டு மூன்று விநாடிக்கு 'ஙீ' என்று ஒரு சத்தம் கேட்டு நிற்க வேண்டும். டாங்கில் இருக்கும் பெட்ரோல் மோட்டார் ஓடும் சத்தம் அது.

விளக்கே எரியவில்லை என்றால் இ.சி.எம்.முக்கு கரண்ட் போகவில்லை. ஃபியூஸ், மெயின் ரிலே, எர்த் ஒயர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு எரிந்து மோட்டார் சத்தம் மட்டும் இல்லை என்றால் மோட்டார், அதன் ரிலே, நடுவில் போகும் ஒயர். இரண்டும் இருந்தும் பிளக்கில் கரண்ட் இல்லையென்றால் சென்சார்களையும் காயிலையும் பார்க்க வேண்டும்.

இரண்டு மாதம் ஷெட்டில் நின்றது என்கிறீர்கள். என் கணிப்பு எலி. பானெட்டைத் திறந்தால் உமி, துணிக் கிழிசல், எலிப் புழுக்கை ஏதாவது கிடக்கிறதா? இருந்தால் ஒயர் கட்டை டார்ச் அடித்து முழு நீளத்துக்கும் பார்க்கச் சொல்லுங்கள். கடித்த ஒயரை ஈயம் வைத்து ஒட்டி, உறை போட்டுத் தருவது நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேர வேலை.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் பிளக் ஒயரைப் பிடுங்கிக் காற்றில் தொங்கவிட்டு செல்ஃப் அடிக்க யாரையும் விடாதீர்கள். நல்ல இ.சி.எம்.மும் அதில்தான் போகும்.

கேள்வி: பழைய சாண்ட்ரோ. சிக்னலில் நின்றபோது தானாக ஆஃப் ஆனது. இப்போது செல்ஃப் முன்பைவிட வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. (வாசகர், திருநெல்வேலி)

தயவுசெய்து இனி செல்ஃப் அடிக்காதீர்கள். கம்ப்ரஷன் இருந்தால் செல்ஃப் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி இறங்கிச் சுற்றும். ஒரே சீராக, பாரமில்லாமல் 'விர்'ரென்று சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் ஊற்றும் மூடி வழியாக உள்ளே, அந்த பெல்ட் சுற்றும் கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) தெரிந்தால், ஒருவர் செல்ஃபை அரை விநாடி தட்டட்டும். அது அசையவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். பிஸ்டன் இடித்து வால்வு வளைந்திருக்கிறதா என்று பார்க்காமல் புது பெல்ட்டை மட்டும் போட்டு அனுப்ப விடாதீர்கள்.

கேள்வி: மஹிந்திரா ஜீப், டீசல். ஃபில்டர் மாற்றியதிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை. (வாசகர், கம்பம்)

ஏர் லாக், அதாவது டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டது. ஃபில்டர் மேல் இருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப் பம்ப்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரையாக வரும், பிறகு குமிழியோடு, கடைசியில் கண்ணாடி மாதிரி டீசல் வரும். அப்போது இறுக்குங்கள். அவசரப்பட்டுக் குமிழி இருக்கும்போதே இறுக்கினால் மறுபடி முதலிலிருந்துதான்.

அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் செல்ஃப் அடிக்கும்போது சைலென்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை: ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. ஆஃப் கேபிள் இழுத்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறதா, சாலினாய்டு உள்ள பம்ப் என்றால் சாவி போடும்போது அதில் 'டிக்' என்று கேட்கிறதா என்று பாருங்கள். இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தினால் அதன் அருகே கையை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கேள்வி: அப்பா இறந்தபின் அவருடைய அம்பாசடரை மூன்று வருடமாக எடுக்கவில்லை. புது பேட்டரி போட்டு செல்ஃப் அடித்தோம், சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. விற்கச் சொல்கிறார்கள், எனக்கு மனமில்லை. (வாசகர், காரைக்குடி)

விற்க வேண்டாம். அது நின்றுபோன வண்டி, கெட்டுப்போன வண்டி இல்லை. ஆனால் செல்ஃபை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் பாதிக் கவலை போயிற்று.

டாங்கில் இருப்பது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். முகர்ந்தாலே தெரியும். முழுவதும் இறக்கிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தையும் ஜெட்டையும் கழுவி, ஐந்து லிட்டர் புதுசாக ஊற்றுங்கள். பாயிண்டுகளின் முகத்தில் சாம்பல் படிந்தது போல ஒரு படலம் இருக்கும், கரண்டைத் தடுப்பது அதுதான். மிக மெல்லிய உப்புத்தாளால் ஒரு முறை தேய்த்து, பிறகு சுத்தமான வெள்ளைத்தாளை நடுவில் விட்டு இழுங்கள். தாளில் கறுப்பு ஒட்டாத வரைக்கும் இழுங்கள். ஆயிலும் மாற்றியபின் பிளக்குகளைத் துடைத்துப் பூட்டுங்கள். ஒயர்கள் 1-3-4-2 வரிசையில் இருக்கட்டும், மாறினால் கார்புரேட்டர் வழியாகவே வெடிக்கும்.

சோக்கை இழுத்து, பத்து விநாடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடியுங்கள். நடுவில் ஒரு நிமிடம் ஆற விடுங்கள். பிடித்ததும் முதல் ஐந்து நிமிடம் சைலென்சரில் நீலப் புகை கொட்டும். பயந்து அணைத்துவிடாதீர்கள், நீங்கள் ஊற்றிய ஆயில்தான் எரிகிறது. ஓட்டுவதற்கு முன்னால் பிரேக்கைப் பார்த்துவிடுங்கள்.