மாத்திரையையும் தின்னுமா பாக்டீரியா?

கேள்வி: ஏனுங்க ஐயா, ஒரு மருத்துவமனையில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் எஸ்.டி.பி.யைப் பார்த்துக்கொள்கிறேன். சாணிக் கரைசல் ஊற்றித்தான், காற்று ஊதி பாக்டீரியாவை வளர்க்கும் ஏரேஷன் டேங்கைத் தொடங்கினோம். நோயாளிகள் சாப்பிடும் மருந்தையும் இந்த பாக்டீரியா தின்றுவிடுமா? அதற்கென்றே பாக்டீரியா அடங்கிய கல்ச்சர் பவுடர் இருக்கிறது என்று ஒருவர் நடையாய் நடக்கிறார். வாங்கலாமா?
– வாசகர், பெருந்துறை

பதில்: பவுடர் வேண்டாங்க. திருப்பூர்ச் சாயத் தொட்டிகளோடு தலை நரைத்தவன் சொல்கிறேன். தொட்டியில் ஏற்கெனவே வேரூன்றிய கூட்டத்தை மீறி, பாக்கெட்டில் வந்தது அங்கே நிலைப்பது அபூர்வம். சாணியில் வந்தவற்றில்கூடப் பாதிக்கு மேல் இந்நேரம் காணாமல் போயிருக்கும். உங்கள் சாக்கடைக்குப் பழகியவைதான் மிஞ்சியிருக்கும்.

மருந்துக்கு வருவோம். பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் பெரும்பாலும் சிதைந்துவிடும். டைக்ளோஃபெனாக் இடத்துக்கு இடம் மாறும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன் ஏறக்குறைய வந்தபடியே வெளியே போகும். சில நிலையங்களில், உள்ளே வந்ததைவிட வெளியேறும் நீரில் அது அதிகமாகவே இருந்திருக்கிறது! கல்லீரல் சில மருந்துகளோடு ஒரு சர்க்கரை அமிலத்தைக் கோத்துச் சிறுநீரில் அனுப்பும். தொட்டி பாக்டீரியா அந்த அமிலத்தைக் கழற்றியதும் மருந்து பழைய உருவுக்குத் திரும்பிவிடுகிறது. கணக்கு உதைப்பதற்கு இது ஒரு காரணம்.

லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவில் இருக்கும் மருந்தை நம்பி எந்தக் கூட்டமும் வளராது. பந்தியில் உட்கார்ந்தவர் ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிற மாதிரிதான். அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியாவின் நொதி, பக்கத்தில் அகப்படும் சில மருந்துகளையும் சேர்த்து உடைக்கிறது. சிக்கல் என்னவென்றால், இவை மெதுவாகப் பெருகும் இனம். சோம்பேறிகள் என்றே சொல்வேன். பாக்டீரியா திரண்டிருக்கும் சேறான ஸ்லட்ஜை அவசர அவசரமாக வெளியேற்றினால் முதலில் போவது இவைதான். ஸ்லட்ஜ் சராசரியாகப் 10 நாளுக்குக் குறையாமல் தொட்டியில் தங்கட்டும். ரிப்போர்ட்டில், நீரில் மிஞ்சிய மக்கும் கழிவைக் காட்டும் பி.ஓ.டி. நன்றாக இருக்கிறது என்று திருப்திப்படாமல், அம்மோனியா குறைகிறதா என்றும் பாருங்கள். தரை துடைத்த ஹைப்போ என்னும் கிருமிநாசினிக் கரைசலை வாளி வாளியாக இதே லைனில் கொட்டினால் மொத்தக் கூட்டமும் படுத்துவிடும். வார்டு ஆட்களிடம் சொல்லி வையுங்கள்.

ஆன்டிபயாடிக் கதை வேறு. சிப்ரோஃபிளாக்சசின் சிதைவதைவிட ஸ்லட்ஜில் ஒட்டிக்கொள்வதுதான் அதிகம். அதனால் தெளிந்த நீரில் குறைவாகத் தெரியும். ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை அது இருந்ததை 2007-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உங்கள் மருத்துவமனை அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் காய்ந்த ஸ்லட்ஜைத் தென்னைக்குப் போடத் தோட்டத்துக்காரர் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். மருந்தை எதிர்க்கப் பழகிய பாக்டீரியாவும் அதில்தான் இருக்கும்.

அப்புறம், பார்மசியில் காலாவதியான மாத்திரை, சிரப்பை சிங்க்கில் ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி அதெல்லாம் மஞ்சள் பைக்குப் போக வேண்டியது.