ஆப்பில் தேடினால் இல்லை, ரசீது கையில் இருக்கிறது

கேள்வி: கோவையில் மோட்டார், பம்ப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிற மோட்டாருக்கெல்லாம் ஜாப் கார்டு போட, தெரிந்தவர் ஒருவருக்குப் பணம் கொடுத்து மைக்ரோசாப்டின் பவர் ஆப்ஸில் ஒரு ஆப் செய்து வாங்கினேன். தகவலெல்லாம் ஷேர்பாயின்ட் லிஸ்டில் (அவர்களுடைய ஆன்லைன் அட்டவணை) ஏறுகிறது. போன வருஷம் புதிதாகப் போட்ட கார்டுகள் தேடலில் வராமல் போயின, அவர் வந்து எதையோ மாற்றினார், சரியானது. இப்போது 3,100 கார்டு ஆகிவிட்டது, மறுபடி அதே தொல்லை. ரசீதோடு ஆள் எதிரே நிற்கிறார், பெயரைப் போட்டால் ஆப் எதையும் காட்டுவதில்லை. "டேட்டாபேஸையே மாற்றணும், நாலு பேருக்கும் பிரீமியம் லைசென்ஸ் எடுக்கணும்" என்கிறார் ஆப் செய்தவர். எடுக்கலாமா, இல்லை ஏமாற்றுகிறாரா? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக வழி உண்டா?

பதில்: லைசென்ஸை இப்போதைக்கு எடுக்காதீர்கள். அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அதைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் பெயரைத் தட்டியதும் அந்தத் தேடல் கார்டெல்லாம் சேமித்திருக்கிற சர்வரிலேயே நடந்தால், அங்கே எத்தனை ஆயிரம் கார்டு கிடந்தாலும் பொருந்துவதைப் பொறுக்கி அனுப்பிவிடும். சர்வரால் செய்ய முடியாத மாதிரி தேடலாக இருந்தால், ஆப் முதல் 500 வரிசையை (ஒரு கார்டு ஒரு வரிசை) மட்டும் உங்கள் போனுக்கு இறக்கி, அதற்குள்ளேயே துழாவிவிட்டு, கிடைக்கவில்லை என்றால் வெறும் திரையைக் காட்டும். இந்த 500 பவர் ஆப்ஸ் தானாக வைத்திருக்கிற அளவு. செட்டிங்ஸில் 2,000 வரை ஏற்றலாம், அதற்கு மேல் ஏறாது. போன வருஷம் அவர் மாற்றியது அனேகமாக இந்த எண்ணைத்தான், கார்டு 2,000 தாண்டியதும் பழைய கதை திரும்பிவிட்டது. பொதுவாக முதலில் இறங்குவது பழைய வரிசைகள் என்பதால், என்றைக்கோ போட்ட கார்டு டக்கென்று வரும், போன வாரத்துக் கார்டு வராது.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. ஆப்பைச் செய்கிறவர் இப்படி ஒரு பார்முலா எழுதினால் அவருடைய திரையில் மஞ்சள் முக்கோணம் வந்து, டேட்டா அதிகமானால் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று எச்சரிக்கும். அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. கடையில் உட்கார்ந்து பயன்படுத்துகிற உங்களுக்கு எரர்கூட வருவதில்லை, பாதி விடையை முழு விடை மாதிரி காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன், முக்கோணத்தைப் பார்த்தும் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சரி, செலவில்லாத வழி. ஷேர்பாயின்ட் லிஸ்டை வைத்துக்கொண்டு பெயரின் நடுவிலிருந்து ஒரு துண்டைப் போட்டுத் தேடினால் அது சர்வரில் நடக்காது. முதல் எழுத்துகளில் தொடங்கித் தேடினால் நடக்கும், முழு போன் நம்பர் அப்படியே பொருந்துகிறதா என்று கேட்டாலும் நடக்கும். உங்கள் கடையில் யாரும் பத்து இலக்கத்தையும் சொல்லமாட்டார்கள், "கடைசி நாலு 4417ங்க" என்பார்கள், கடைசி எழுத்துகளை வைத்துத் தேடுவதும் சர்வரில் நடக்காது. அதனால் கடைசி நாலு இலக்கத்துக்கென்றே லிஸ்டில் தனியாக ஒரு காலம் (column) சேர்க்கச் சொல்லுங்கள், கார்டு போடும்போதே ஆப் அதை நிரப்பிக்கொள்ளும், பழைய கார்டுகளுக்கு ஒருமுறை உட்கார்ந்து நிரப்பினால் போதும். வருஷவாரியாகப் பார்க்கிறீர்கள் என்றால் தேதியிலிருந்து வருஷத்தைப் பிரித்தெடுக்கிற பார்முலாவும் இதே குழியில்தான் விழும், வருஷத்துக்கும் ஒரு எண் காலம் போட்டுவிடலாம். ஒருநாள் வேலை என்று நினைக்கிறேன்.

அப்புறம், அதே நாளில் இந்தக் காலங்களுக்கு இண்டெக்ஸ் (சட்டென்று தேடி எடுக்க உதவும் அகராதி மாதிரி) போடவும் சொல்லுங்கள். லிஸ்டில் 3 கோடி வரிசை வரை வைக்கலாம் என்பது உண்மைதான், ஆனால் 5,000ஐத் தாண்டியபின் இண்டெக்ஸ் இல்லாத காலத்தை வைத்து வடிகட்டப் போனால் மறுத்துவிடும். நீங்கள் 3,100ல் இருக்கிறீர்கள்.

பெயரின் எந்தத் துண்டைப் போட்டாலும் கிடைக்கத்தான் வேண்டும் என்றால் மைக்ரோசாப்டின் டேட்டாவெர்ஸ் டேட்டாபேஸ் மாதிரி இடத்துக்கு மாறுவதுதான் வழி, அங்கே அந்தத் தேடல் சர்வரிலேயே நடக்கும், அதற்குத்தான் அந்த பிரீமியம் லைசென்ஸ். வேறு கம்பெனிக்கு ஓடினால் தப்பலாம் என்று நினைக்காதீர்கள். கூகுளின் டேட்டாபேஸான பயர்ஸ்டோர் எழுத்தின் நடுத்துண்டைத் தன் சாதாரண வடிகட்டியில் தேடித் தராது. அமேசானின் டைனமோ டிபியில் ஒரு தடவைக்கு 1 எம்பி படித்துவிட்டு அதற்கப்புறம்தான் வடிகட்டும், வடிகட்டித் தூக்கிப்போட்டதற்கும் சேர்த்துக் காசு எண்ணும்.

கோர்ட் விஷயம்: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார், சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. நாலு பேர் வேலை செய்கிற கடை எந்தப் பக்கம் என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கிளப்பும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்து விசாரித்துப் பாருங்கள், ஆனால் அதற்கு முன் ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவது மேல்.

அவர் வரும்போது ஒன்று செய்யச் சொல்லுங்கள். அந்த 2,000 என்கிற எண்ணை 1 என்று மாற்றிவிட்டு ஆப்பை ஓட்டட்டும். எந்தத் திரையில் ஒரே ஒரு வரிசை மட்டும் நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை, ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்ததும் எண்ணைப் பழையபடி வைக்க மறந்துவிடப் போகிறார்.

மாத வசூல் காட்டுகிற திரை இருந்தால் அதை முதலில் பாருங்கள், ஷேர்பாயின்டில் கூட்டுத்தொகையும் சர்வரில் போடப்படுவதில்லை, கைக்கு இறங்கிய வரிசையை மட்டும்தான் கூட்டும். அந்தத் தொகையை ஆடிட்டருக்கு அனுப்பியிருந்தால் லிஸ்டை எக்செலில் இறக்கி, மாதம் மாதமாக ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு ஆடிட்டருக்குப் போன் போடுங்கள்.