சாமி கண்ணைக் குத்துமா?

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை அதிகம். என் கணவருக்கு அறவே கிடையாது. எங்கள் எட்டு வயது மகள், வகுப்புத் தோழியின் கலர் பென்சில் பெட்டியைக் கேட்காமல் எடுத்து வந்துவிட்டாள். “சாமி கண்ணைக் குத்தும்” என்றேன். “பயமுறுத்தாதே, அந்தப் பிள்ளை எப்படி அழுதிருக்கும் என்று சொல்லு” என்கிறார் அவர். இரண்டு நாளாக வீட்டில் இதே சண்டை. பிள்ளை ஒழுங்காக வளர எது நம்பகமான வழி, மதமா, மதம் சாராத அறமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இந்த ஒரு விஷயத்தில் உங்கள் கணவர் சொன்னதுதான் சரி, சகோதரி. அதற்காக உங்கள் நம்பிக்கை தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

என்னிடமும் சின்ன வயதில் இதையே சொன்னார்கள். ஒரு பொய் சொல்லிவிட்டு, ராத்திரி முழுக்கக் கண்ணை இறுக மூடிப் படுத்திருந்தேன். விடிந்தது. கண் நன்றாகவே தெரிந்தது. அன்றோடு பயம் போய்விட்டது, பொய் போகவில்லை. நான் யாரிடம் பொய் சொன்னேனோ அவருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில் சாக்ரடீஸ் இப்படிக் கேட்பார்: நல்லது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால்தான் அது நல்லதாகிறதா? சுமார் 2,400 வருடமாக இதை வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ‘பிறர் பொருளை எடு’ என்று கடவுள் சொன்னால் திருட்டு நல்லதாகிவிடுமா? “என் கடவுள் அப்படிச் சொல்லவே மாட்டார்” என்பீர்கள். அப்படியென்றால் எது நல்லது என்று உங்களுக்கு உள்ளுக்குள் தெரிகிறது. அவருக்கும் தெரிகிறது. கடவுள் தந்தது என்பீர்கள் நீங்கள், மனிதர்கள் கூடி வாழ்ந்து கற்றது என்பார் அவர். அந்த வாதம் உங்கள் இருவருக்குள் இருக்கட்டும். மகளிடம் போக வேண்டியது இருவருக்கும் பொதுவானது.

இரண்டு பக்கமும் வழி தவறியிருக்கிறது. அடிமை வியாபாரத்தை ஒழிக்க 1787-ல் லண்டனில் 12 பேர் கூடினார்கள். அவர்களில் 9 பேர் குவேக்கர் கிறிஸ்தவர்கள். அதே பைபிளைக் காட்டித்தான் அடிமை முதலாளிகளும் தங்களை நியாயப்படுத்தினார்கள். சரி, மதத்தை விட்டுவிட்டால்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927-ல் கட்டாயக் கருத்தடைக்கு அனுமதி தந்தபோது முன்னால் நின்றது வேதமல்ல, ‘தகுதியற்றவர்கள்’ பிள்ளை பெறாமல் தடுத்தால் மனித இனம் மேம்படும் என்ற, அறிவியல் என்று நம்பப்பட்ட ஒரு கொள்கை. எந்தப் பக்கமானாலும், அடிபட்டவர் சொல்வதைக் காதில் வாங்காதபோதுதான் அறம் கெட்டது. அதனால்தான் அந்தப் பிள்ளையின் அழுகையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

நல்ல போதனை மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 1973-ல் வெளியான ஓர் ஆய்வு என்னை இன்னும் உறுத்துகிறது. அமெரிக்காவில் பாதிரியார் படிப்பு மாணவர்கள் 40 பேர், ஒருவர் பின் ஒருவராகப் பேசப் போகிறார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து முனகுகிறார். நேரமிருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ‘நேரமாகிவிட்டது, ஓடு’ என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். கையில் இருந்த கதை அவர்களைப் பெரிதாக மாற்றவில்லை. அவசரம் மாற்றியது.

இங்கேதான் உங்கள் பக்தி பெரிய உதவி. தினமும் கொஞ்ச நேரம் நின்று, இன்று யாரை நோகடித்தோம் என்று யோசிக்கிற பழக்கம் பிரார்த்தனையில் இருக்கிறது. அதை மகளுக்குக் கொடுங்கள். கண்ணைக் குத்தும் சாமி மட்டும் வேண்டாம்.

நாளைக்கு மூன்று பேருமாகப் போய்ப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். அவளுக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்காதீர்கள், அவரும் விளக்கம் சொல்ல வேண்டாம். உங்கள் மகளே கையை நீட்டிக் கொடுக்கட்டும். பெட்டி திரும்பக் கிடைக்கும்போது அந்தத் தோழியின் முகம் எப்படி மாறுகிறது என்று அவள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அப்புறம் வீட்டுக்கு வந்து, அவளாகப் பேசும்வரை இருவரும் காத்திருங்கள்.