வாசகர் கேள்வி: ஆப்பிரிக்க யானை ஒன்றா, இரண்டா?

கேள்வி: கோவேறு கழுதைக்குக் குட்டி ஈனும் திறன் இல்லை, ஆகவே குதிரையும் கழுதையும் வெவ்வேறு சிற்றினங்கள் என்று பள்ளியில் படித்தோம். ஆப்பிரிக்காவின் இருவகை யானைகளோ தமக்குள் கலந்து ஈனும் குட்டிகளும் பின்னர் இனம் பெருக்குகின்றன என்கிறார்கள். அப்படியிருக்க, அவற்றை இரு சிற்றினங்களாகப் பிரித்தது எப்படிச் சரியாகும்?
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தாங்கள் படித்தது, சிற்றினம் என்றால் என்ன என்பதற்கு உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் 1942இல் வகுத்த வரையறையின் சுருக்கம். சுருக்கும்போது அதன் உயிரான ஒரு சொல் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது: 'இயற்கையில்'. இரு விலங்குகள் கூடினால் குட்டி பிறக்குமா என்பதன்று மயரின் கேள்வி. இயற்கையில் வாழும் இரு கூட்டங்கள் தமக்குள் கலந்து ஒன்றாகின்றனவா, தனித்தனியாகவே நீடிக்கின்றனவா என்பதே. விலங்குக்காட்சி சாலைகளில் சிங்கத்துக்கும் புலிக்கும் பிறந்த பெண் கலப்பினங்கள் சில குட்டி ஈன்றதுண்டு. அதற்காக அவ்விரண்டையும் ஒரே சிற்றினம் என்று எவரும் சொல்வதில்லை.

இனி யானைகளைப் பார்ப்போம். நம் ஊரில் 'காட்டு யானை' என்றால் பொருள் வேறாகிவிடும் என்பதால், மத்திய, மேற்கு ஆப்பிரிக்க மழைக்காடுகளில் வாழ்வதை வன யானை என்றும், திறந்த புல்வெளிகளில் வாழ்வதைச் சவன்னா யானை என்றும் குறிப்பிடுகிறேன். வன யானை உருவில் சிறியது. அதன் காதுகள் வட்டமானவை. தந்தங்கள் நேராகக் கீழ்நோக்கி வளர்பவை. 1900இலேயே அதற்குத் தனிப் பெயர் சூட்டப்பட்டது என்றாலும், பிற்காலத்தில் நெடுங்காலம் அது துணையினமாகவே எண்ணப்பட்டது. 2010இல் வெளியான மரபணு ஆய்வுதான் வியப்பைத் தந்தது: இவ்விரண்டும் பிரிந்த காலம், ஆசிய யானையும் அழிந்துபோன மாமத யானையும் (mammoth) பிரிந்த காலத்துக்கு ஏறத்தாழ நிகரான தொன்மை உடையது. உகாண்டாவின் கிபாலே போன்ற, காடும் புல்வெளியும் சந்திக்கும் சில இடங்களில் இன்றும் கலப்பு நிகழ்கிறது. ஆனால் அந்த விளிம்புகளைத் தாண்டினால் இரண்டும் தத்தம் மரபணுத் தனித்தன்மையோடுதான் இருக்கின்றன. பல லட்சம் ஆண்டுகளாகக் கலப்பு வாய்ப்பு இருந்தும் அவை ஒன்றாகிவிடவில்லை என்பதே என் பார்வையில் வலுவான சான்று.

மயரின் அளவுகோல் எங்கும் பொருந்துவதில்லை என்பதும் உண்மை. பாலினச் சேர்க்கையின்றிப் பெருகும் பாக்டீரியாவுக்கும், புதைபடிவமாக மட்டுமே கிடைக்கும் உயிருக்கும் அதைப் பொருத்த வழியில்லாததால், அங்கே மரபணு ஒப்புமையையோ உடலமைப்பையோ நம்ப வேண்டியிருக்கிறது.

இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இரண்டையும் ஒன்றாகவே எண்ணியவரை, ஆப்பிரிக்க யானை, அச்சங்கத்தின் மூன்று அபாய நிலைகளில் கடுமை குறைந்ததான 'அழிவாய்ப்பு இனம்' என்ற நிலையில்தான் இருந்தது. 2021இல் தனித்தனியே மதிப்பிட்டபோது, சவன்னா யானை அதைவிடக் கடுமையான 'அருகிய இனம்' என்றும், 31 ஆண்டுகளில் 86 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்ட வன யானை எல்லாவற்றிலும் கடுமையான 'மிக அருகிய இனம்' என்றும் பட்டியலிடப்பட்டன. முதற்குட்டி ஈனுவதற்கே பெரும்பாலும் இருபது வயதைக் கடந்துவிடும் வன யானையின் இந்த வீழ்ச்சி, அதுவரை பொதுக்கணக்கில் மறைந்தே கிடந்தது.