கணினி கேள்வி பதில்: அந்தத் தொண்ணூறு வினாடி எங்கே போனது?

கேள்வி: அண்ணா, செந்தூலில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். என் லேப்டாப்புக்கு ஆறு வயது, உபுண்டு போட்டிருக்கிறேன். முன்பெல்லாம் 40 வினாடியில் திறந்துவிடும். போன மாதம் தம்பி வன்தட்டில் ஏதோ ஒரு பகுதியை அழித்து இடம் கூட்டிக் கொடுத்தான். அதிலிருந்து 2 நிமிடம் 10 வினாடி ஆகிறது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். கடைக்குக் கொண்டுபோனால், "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். எந்தச் சேவை (பின்னணியில் தொடங்கும் நிரல்) எத்தனை வினாடி எடுத்தது என்ற பட்டியலையும் போட்டுப் பார்த்தேன். அதிகபட்சமே 9 வினாடிதான். மீதி எங்கே போகிறது?
— ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: தங்கச்சி, கடிகாரம் வைத்து அளந்து எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. 130 வினாடியில் 40 போனால் மிச்சம் 90. இந்த எண்ணைப் பார்த்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்தேன். உபுண்டு போன்ற லினக்ஸில் தொடக்க வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி என்ற நிரல், ஒரு வட்டோ சேவையோ வரவில்லை என்றால் வழக்கமாக 90 வினாடி காத்திருந்துவிட்டுத்தான் கைவிடும். கணினிக்கு வயதானால் நேரம் இப்படி அச்சாக 90 வினாடி அதிகமாகாது.

நீங்கள் போட்ட பட்டியல் 'பிளேம்' (blame). அது எழுந்து வந்த சேவைகளை மட்டும்தான் காட்டும். வராமலே போன ஒன்றுக்காக எல்லோரும் காத்திருந்த நேரம் அதில் ஏறாது. அதற்குத்தான் படம் வேண்டும். கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து 'சிஸ்டம்டி-அனலைஸ்' (systemd-analyze) கட்டளைக்குப் பக்கத்தில் 'பிளாட்' (plot) என்று சேர்த்து, வருவதை ஒரு எஸ்விஜி (svg) படக் கோப்பில் சேமித்து, ஃபயர்ஃபாக்ஸில் திறங்கள். இடமிருந்து வலமாக வினாடிகள் ஓடும். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு பட்டை. அது எழுந்துகொண்டிருக்கும் நேரம் மட்டும் அடர் சிவப்பு.

இங்கே பினாங்கு லெபோ பாசாரில் இருக்கும் என் கடைக்குப் போன வருடம் இதே மாதிரி ஒரு லேப்டாப் வந்தது. படத்தை எடுத்தேன். இடது ஓரத்தில் சிவப்புப் பட்டைகள் கொஞ்சம் நெருக்கமாக இருந்தன. அப்புறம் நீளத்துக்கு ஒன்றுமே புதிதாகத் தொடங்கவில்லை. 90 தாண்டியதும் நெட்வொர்க், ஒலி, பிரிண்டர் எல்லாம் பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி ஒரே நேரத்தில் கிளம்பின. நான் பட்டைகளைவிட இந்த வெற்றிடத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

இந்த யோசனை புதிதல்ல. 2004இல் ஃபெடோரா லினக்ஸ் வட்டாரத்தில் ஓவன் டெய்லர், தொடக்க நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரே படமாகக் காட்ட முடியுமா என்று கேட்டார். ஜிகா மஹ்கோவெட்ஸ் 'பூட்சார்ட்' எழுதிக் கொடுத்தார். அதில் மேலே சிபியு எவ்வளவு உழைத்தது, வட்டு எவ்வளவு உழைத்தது என்ற வரைபடம். கீழே ஒவ்வொரு நிரலின் பட்டை. சிபியு முட்டி நின்றால் வேலை அதிகம். வட்டு முட்டினால் வேகமான எஸ்எஸ்டி வட்டு போடலாம், பலன் தெரியும். இரண்டுமே சும்மா இருந்தால் யாரோ எதற்கோ காத்திருக்கிறார்கள். அந்த மூன்றாவது நிலையில் புதுக் கணினி வாங்கினால் காசுதான் வீண். அளக்காமல் வாங்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

உங்கள் தம்பி அழித்தது ஸ்வாப் பகுதியாக, அதாவது நினைவகம் போதாதபோது கணினி பயன்படுத்தும் வட்டுப் பகுதியாக, இருக்கும் என்று நினைக்கிறேன். எழும்போது எந்தெந்த வட்டுப் பகுதிகளை இணைக்க வேண்டும் என்ற பட்டியல் 'எஃப்எஸ்டேப்' (/etc/fstab) கோப்பில் இருக்கும். அழித்த பகுதியின் அடையாள எண் அதில் இன்னும் இருந்தால், தினமும் காலையில் கணினி அதைத் தேடும். உறுதி செய்ய, கணினி எழும்போது எஸ்கேப் விசையை அழுத்துங்கள். லோகோ மறைந்து எழுத்துகள் வரும். ஒரு வட்டின் பெயருக்குப் பக்கத்தில் 1 நிமிடம் 30 வினாடி வரை எண்ணிக்கொண்டிருந்தால் அதேதான்.

சரி, திருத்துவது எப்படி? முதலில் அந்தக் கோப்புக்கு ஒரு நகல். பிறகு, வட்டில் இப்போது இருக்கும் பகுதிகளுக்கு 'பிளாக்ஐடி' (blkid) கட்டளை காட்டும் அடையாள எண்களோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிடுங்கள். ஸ்வாப் (swap) என்று எழுதிய வரியின் எண் அங்கே இல்லை என்றால் மட்டும், வரியின் தொடக்கத்தில் # போடுங்கள். மற்ற வரிகளைத் தொடவே வேண்டாம். உபுண்டுவே இருக்கும் மூல வட்டின் வரியில் கை பட்டால் கணினி எழாமலே போகலாம்.

அப்புறம் மூன்று தடவை அணைத்துப் போட்டு, மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னணியில் ஒரு அப்டேட் ஓடினாலே சில வினாடி மாறும், அதனால் ஒரு அளவை மட்டும் நம்ப முடியாது. 40க்குத் திரும்பவில்லை என்றால் அந்தப் படத்தையே பத்திரிகைக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.